நாச்சியும் நன்னெறி அரியரும்

ஒரு காட்டில் ஒரு கல்லூரி இருந்தது. இருந்தது என்றால், கேட் இருந்தது, கேட்டுக்கு மேலே போர்டு இருந்தது. கேட் என்றால் சும்மா இல்லை, யானை இரண்டு சேர்ந்து நுழையலாம். நுழைந்த பிறகு எங்கே போவது என்பதுதான் யானைக்கே தெரியாது.

அதைக் கட்டியவர் ஆதிவராகம் என்கிற காட்டுப்பன்றி. அதற்கு முன்னால் அவர் கிழங்கு தோண்டும் தொழிலில் இருந்தார். தோண்டித் தோண்டிக் கிழங்கு தீர்ந்துபோய்க் குழிதான் மிச்சம். இத்தனை குழியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டபோது, அவருக்கு உயர்கல்வி ஞாபகம் வந்தது. ஆழமான குழிக்கு நீச்சல் குளம் என்று பெயர் வைத்தார். அகலமான குழிக்குத் திறந்தவெளி அரங்கம். எதற்கும் ஆகாத சேற்றுக் குழிக்கு ஆராய்ச்சி மையம். தனக்குத் தாளாளர் என்று வைத்துக்கொண்டார். அட்மிஷன் ஆரம்பமாகிவிட்டது.

முதல்வர் ஒரு தேவாங்கு. முகத்தில் பாதி கண். எதைச் சொன்னாலும் இப்போதுதான் முதல் தடவையாகக் கேள்விப்படுகிற மாதிரி விழிப்பார். "சார், தண்ணி வரலை" என்றால் விழிப்பார். "சார், வாத்தியாரே வரலை" என்றால் இன்னும் கொஞ்சம் விழிப்பார். புகார் சொல்ல வந்தவர்கள், ஐயோ பாவம், இவருக்கே ஒன்றும் தெரியாது போல என்று திரும்பிப் போய்விடுவார்கள். அந்த முகத்துக்காகத்தான் ஆதிவராகம் அவரை வேலைக்கு எடுத்திருந்தார்.

இந்தக் கல்லூரிக்கு நாச்சி என்று ஒரு சருகுமான் படிக்க வந்தாள். சருகுமான் என்றால் பெரிய உருவமாக நினைத்துவிடாதீர்கள், முயலைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். கொம்பு கிடையாது. குரலும் அதிகம் கிடையாது.

அவள் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவளுடைய பள்ளத்தாக்கில் முதல் மழை விழுந்ததும் கண்வலிக்கிழங்குக் கொடி துளிர்க்கும். பார்க்கக் கொள்ளை அழகு. தின்றால் ஆளைச் சாய்த்துவிடும். பெரியவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். குட்டிகளுக்குச் சொன்னால் கேட்டால்தானே? அம்மா வேண்டாம் என்று சொல்கிற இலையில்தான் ருசி இருக்கும் என்று எல்லாக் குட்டிகளுக்கும் ஒரு நினைப்பு. அதே சமயம், ஒரு பலகை நட்டு, "விஷம், தின்னாதே" என்று எழுதி, அடியில் ஒரு கையெழுத்தும் போட்டுவிட்டால் போதும், மிரண்டு ஒதுங்கிவிடும். பலகைக்கு இருக்கிற மரியாதை பெற்றவளுக்கு எங்கே இருக்கிறது?

நாச்சியின் அப்பா அப்படி ஒரு பலகை நட்டார். மறுநாளே வனக்காவல் காட்டெருமை வந்து அதைப் பிடுங்கிப் போட்டது.

"இலையியல்ல பட்டம் வாங்கினவங்கதான் எச்சரிக்கைப் பலகை வைக்கணும். நீ என்ன படிச்சிருக்க?"

"இது விஷம்னு எல்லாருக்கும் தெரியுமேய்யா."

"தெரிஞ்சா போதுமா? தெரியும்ங்கிறதுக்கு அத்தாட்சி வேண்டாமா?"

அந்த மழையில் நாச்சியின் தம்பி அந்தக் கொழுந்தைத் தின்றுவிட்டான். ராத்திரி பூராவும் துடித்துப் பிழைத்துக்கொண்டான். ஆனால் ஒரு பின்னங்கால் அப்புறம் சரியாக ஊன்றவில்லை. பக்கத்துப் புதரில் இருந்த குட்டி பிழைக்கவே இல்லை. அப்பா நாச்சியைக் கூப்பிட்டார்.

"போயி ஒரு பட்டம் வாங்கிட்டு வா தாயி. படிச்சு வாங்குனாலும் சரி, எப்படி வாங்குனாலும் சரி. அடுத்த குட்டி சாகறதுக்குள்ள வா."

இப்படித்தான் நாச்சி ஆதிவராகம் கல்லூரிக்கு வந்து சேர்ந்தாள், இலையியல் பிரிவில். அந்தப் பிரிவுக்கு வாத்தியார் ஒரு நாரை. நல்ல படிப்பாளி என்று சொன்னார்கள். அவளும் தினமும் வகுப்பில் போய் உட்கார்ந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாரை வரவில்லை. விசாரித்ததில், அது ஐந்து கல்லூரிகளில் வாத்தியார் என்றும், எந்தக் கல்லூரிக்குத் தரக்குழு வருகிறதோ அன்றைக்கு அந்தக் கல்லூரிக்குப் பறந்து வரும் என்றும் தெரிந்தது.

தரக்குழு என்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். வருஷம் ஒரு தடவை வெளிக்காட்டிலிருந்து பெரியவர்கள் வருவார்கள். கல்லூரியைச் சுற்றிப் பார்ப்பார்கள். நன்றாகச் சாப்பிடுவார்கள். பிறகு தரம் போடுவார்கள். தரம் குறைந்தால் கேட்டுக்குப் பூட்டு விழும். உள்ளே படிக்கிற யாருக்கும் பட்டம் கிடையாது, வந்த வழியே போக வேண்டியதுதான்.

நாச்சி சேர்ந்த முதல் வருஷம் தரக்குழு வந்தது. அதற்கு முந்தின நாள் கல்லூரியைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! குரோட்டன்ஸ் தொட்டிகள் வாடகைக்கு வந்து வரிசையாக இறங்கின. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கல்லூரியிலிருந்து புத்தகங்கள் படகில் வந்தன. அவர்களுக்குத் தரக்குழு வந்தபோது இங்கிருந்து மேஜை நாற்காலி போயிருந்தது, அந்த நன்றிக்கடன். கம்ப்யூட்டர் லேபுக்குத்தான் வழியில்லை. ஆதிவராகம் யோசித்தார். குளத்து ஆமைகளைப் பிடித்து வந்து மேஜைமேல் வரிசையாக உட்கார வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு உறையைப் போர்த்திவிட்டார்.

"யாராவது கேட்டா, தூசி படக் கூடாதுன்னு மூடி வெச்சிருக்கோம்னு சொல்லுங்க" என்றார் முதல்வரிடம்.

"அப்படியா!" என்று விழித்தார் முதல்வர்.

தரக்குழுவின் தலைவர் ஒரு ஒட்டகம். பாலைவனத்திலிருந்து வந்திருந்தது. காட்டின் புழுக்கத்தில் அதற்கு மூச்சு முட்டியது. கூட வந்த உறுப்பினர் ஒரு கவரிமான். கவரிமான் பரம்பரை, ஒரு முடி உதிர்ந்தாலும் உயிரை வைத்திருக்காது என்று எல்லாரும் நடுங்கினார்கள். ஆதிவராகம் அதற்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். கவரிமான் யோசித்துப் பார்த்தது. முடி எதுவும் உதிரவில்லை, மேலே பட்டு அல்லவா கூடியிருக்கிறது? எனவே மானத்துக்கு எந்தச் சேதமும் இல்லை என்று முடிவு செய்து, சால்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டது.

லேபைப் பார்க்கும்போது ஒரு உறைக்குள்ளிருந்து தும்மல் கேட்டது.

"அப்டேட் ஆகுதுங்க" என்றார் முதல்வர், அவர் வாழ்க்கையில் சமயத்துக்குச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

அதுவரை எல்லாம் நல்லபடியாகப் போனது. ஒட்டகம் திடீரென்று நின்று, ஓரமாக நின்றிருந்த நாச்சியைக் கூப்பிட்டது. மாணவர்களோடு பேசுவார்கள் என்று யாருமே நினைக்கவில்லை. கல்லூரியில் அப்படி ஒரு பிரிவு இருப்பதையே ஆதிவராகம் மறந்திருந்தார்.

"இந்தக் கல்லூரியைப் பற்றி உன் கருத்து என்ன, குழந்தாய்?" என்று கேட்டது ஒட்டகம்.

உண்மையைச் சொன்னால் கேட்டுக்குப் பூட்டு. பூட்டு விழுந்தால் பட்டம் போச்சு. தம்பியின் கால் கண்முன் வந்தது.

"அம்மா வீடு மாதிரி இருக்குங்கய்யா" என்றாள். "வாத்தியாருங்க எல்லாம் பெத்தவங்க மாதிரி பாத்துக்கறாங்க. லைப்ரரிக்குள்ள போனா வெளிய வரவே மனசு வர்றதில்ல. கம்ப்யூட்டருங்க கூட உயிருள்ளது மாதிரி எங்ககிட்டப் பழகுது."

ஒட்டகம் உருகிவிட்டது. நல்ல தரம் கிடைத்தது. ஆதிவராகம் அன்று சாயங்காலம் நாச்சியைக் கூப்பிட்டு, தன் கையாலேயே ஒரு கிழங்கு கொடுத்தார். அவர் யாருக்கும் கிழங்கு கொடுக்கிற ஆள் இல்லை. நாச்சி அதைச் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டாள். அதில்தான் மாட்டினாள்.

அடுத்த வருஷமும் அவளைத்தான் பேச விட்டார்கள். அதற்கடுத்த வருஷமும். கண்ணீர் எங்கே வர வேண்டும், குரல் எங்கே தழுதழுக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. படிப்பும் முடிந்தது. ரிசல்ட் வந்தது.

எல்லாரும் பாஸ். அவளோடு சேர்ந்த ஒரு எருமை, அட்மிஷன் அன்றைக்கு வந்ததோடு சரி, பிறகு குளத்தை விட்டு ஏறவே இல்லை. அது முதல் வகுப்பு. நாச்சி மட்டும் ஒரு தாளில் ஃபெயில். இலையியலில் இல்லை. இலையியலில் அவளாகவே காட்டைச் சுற்றிப் பார்த்து, முகர்ந்து, கடித்துத் துப்பிப் படித்திருந்தாள். ஃபெயில் ஆனது நன்னெறித் தாளில். "உண்மை பேசுவதால் விளையும் நன்மைகள் யாவை?" என்று கேட்டிருந்தார்கள். பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள் பாவம்.

முதல்வரிடம் போனாள்.

"சார், நன்னெறியில எனக்கு அரியர் விழுந்திருக்கு."

"அப்படியா!" என்று விழித்தார் முதல்வர். "பேப்பர்ல மார்ஜின் போட்டியா?"

"போட்டேன் சார்."

"அதாம்மா தப்பு. நெறிக்கு எல்லை போடலாமா? அடுத்த வருஷம் போடாம எழுது."

அடுத்த வருஷம் மார்ஜின் போடாமல் எழுதினாள். ஃபெயில்.

"மார்ஜின் போட்டியா?"

"போடலை சார். நீங்கதானே சொன்னீங்க?"

"மார்ஜின் இல்லாம எழுதுனா அது என்னம்மா ஒழுங்கு?" என்று ரொம்ப வருத்தப்பட்டார் முதல்வர்.

இதற்கு நடுவில் ஊரிலிருந்து ஒரு மைனா சேதி கொண்டு வந்தது. மழைக்கு மறுபடியும் துளிர்விட்டிருக்கிறது. இரண்டு குட்டிகள் போய்விட்டன. தம்பி தினமும் நொண்டிக்கொண்டே அந்தக் கொடிப் பக்கம் போய், மற்றக் குட்டிகளைத் துரத்திவிட்டுக்கொண்டு காவல் நிற்கிறான். "அக்கா எப்ப வருவா, என்னால ஒரு பக்கந்தான் நிக்க முடியுது, அந்தப் பக்கமா வந்து தின்னுடுதுங்க" என்று சொல்லச் சொன்னானாம்.

நாச்சி அழுதாள். அழுது முடித்துவிட்டு நேராக ஆராய்ச்சி மையத்துக்குப் போனாள். ஆதிவராகம் அங்கே சேற்றில் மல்லாந்து கிடந்தார்.

"ஐயா, எனக்கு ஏன் நன்னெறியில மட்டும் பாஸ் வர மாட்டேங்குது?"

ஆதிவராகத்திடம் ஒரு நல்ல குணம் உண்டு. அவர் எதையும் மறைக்க மாட்டார், அவ்வளவு தைரியம்.

"நாந்தான் போட வேணாம்னு சொல்லியிருக்கேன். உன்னைப் பாஸ் போட்டு அனுப்பிச்சிட்டா அப்புறம் கமிட்டிகிட்ட யாரும்மா பேசுறது? அந்த எருமையா?"

"ஐயா, ஊர்ல குட்டிங்க சாவுதுங்கய்யா!"

"யாரு இல்லன்னா? இங்க பாரு, இவ்வளவு பெரிய காலேஜு உன் ஒருத்தி வாயிலதான் நிக்குது. ஹாஸ்டல்ல உனக்கு ஜன்னல் வெச்ச ரூம் தரச் சொல்றேன். கிழங்கு வேணுமா கிழங்கு. ராணி மாதிரி இரு. பட்டம் வாங்கிட்டுப் போனவனெல்லாம் என்ன பண்றான்? எருமை இப்பவும் குளத்துலதான கெடக்குது?"

நாச்சிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் வாய் கூசாமல் பொய் சொன்னேனே, அந்தப் பொய்தானே என்னை இங்கே கட்டிப் போட்டிருக்கிறது என்று தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்தத் தடவை தரக்குழு வரட்டும், உள்ளதை உள்ளபடி உடைத்துவிடுகிறேன் என்று முடிவு செய்தாள். பூட்டு விழுந்தால் விழட்டும்.

இந்த இடத்தில் நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள் என்று எனக்குத் தெரியும். உண்மை பேசப் போகிறாள், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று. கொஞ்சம் பொறுங்கள்.

தரக்குழு வந்தது. அதே ஒட்டகம், அதே கவரிமான். குரோட்டன்ஸ், படகு, புத்தகம், ஆமை, நாரை, சால்வை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. மாணவர் சந்திப்புக்கு நாச்சியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆதிவராகம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"சொல் குழந்தாய்" என்றது ஒட்டகம், அரைக்கண்ணில்.

"நான் இதுவரைக்கும் சொன்னதெல்லாம் பொய்யிங்க" என்றாள் நாச்சி.

ஆதிவராகத்தின் கால் கீழே இறங்கியது.

"இங்க வாத்தியாரே கிடையாது. இந்த நாரையை நான் வருஷத்துக்கு ஒருநாள் பாக்குறேன், உங்ககூடத்தான் வருவாரு, உங்ககூடத்தான் போவாரு. அந்தப் புத்தகத்தைப் பிரிச்சுப் பாருங்க, அக்கரைக் காலேஜ் சீல் இருக்கும். கம்ப்யூட்டர் மேல இருக்கிற உறையை எடுங்க, கோவிச்சுக்கிட்டு இறங்கிப் போயிடும். அந்தச் செடிங்க எல்லாம் சாயங்காலம் வண்டியேறிடும். உங்ககிட்டப் பேசறதுக்காகவே என்னைப் பாஸ் போடாம வெச்சிருக்காங்க. எங்க ஊர்ல ஒரு பலகை வைக்க ஆளில்லாம குட்டிங்க சாவுது. என்னை விட்டுடச் சொல்லுங்க!"

சத்தமாக அழுதுவிட்டாள். முதல்வர் தேவாங்கு முதல் தடவையாகக் கண்ணை மூடினார். மயங்கிவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு ஆமை கீழே இறங்கி வெளியே நடக்க ஆரம்பித்தது.

ஒட்டகம் மெதுவாக எழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டது. பிறகு கைதட்டியது.

"அற்புதம்! எத்தனை காடுகள் சுற்றியிருக்கிறோம், எத்தனை கல்லூரிகள் பார்த்திருக்கிறோம்! எங்கே போனாலும் அம்மா வீடு, அம்மா வீடு என்றே சொல்கிறார்கள். காது புளித்துவிட்டது. இன்றுதான் சுயமாகச் சிந்திக்கிற ஒரு மாணவியைப் பார்க்கிறோம். நிர்வாகத்தை எதிரில் வைத்துக்கொண்டே நிர்வாகத்தைத் திட்டும் துணிச்சல்! இதை இவளுக்கு யார் கற்றுக்கொடுத்தது?"

ஆதிவராகத்துக்கு ஒரு கணம்தான் தேவைப்பட்டது. எழுந்து கும்பிட்டார்.

"நாங்கதாங்க. முதல் வருஷத்துல இருந்தே குடுக்கிற பயிற்சிங்க."

"ஆசிரியரே இல்லாமல் இந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறாள் என்றால், இங்கே சுயகற்றல் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள்" என்று கவரிமான் எடுத்துக்கொடுத்தது.

"எல்லாக் கல்லூரிகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று எழுதிவிடலாம்" என்றது ஒட்டகம்.

கொடுக்கக்கூடிய தரங்களிலேயே உச்சத் தரம் கிடைத்தது. நாச்சிக்கும் ஒரு சால்வை போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். அவள் அழுதுகொண்டே நின்றாள். போட்டோவில் அது ஆனந்தக் கண்ணீராக விழுந்தது. கேட்டில் அந்தப் படத்தைப் பெரிய பேனராகக் கட்டினார்கள். நடந்து போன ஆமையைக்கூட விடவில்லை, எடுத்துச் செல்லக்கூடிய கம்ப்யூட்டர் என்று எழுதிக்கொண்டார்கள். அதற்குள் அக்கரைக் கல்லூரியில், திட்டத் தெரிந்த மாணவர்கள் தேவை என்று விளம்பரமே கொடுத்துவிட்டார்கள்.

"இனிமே உன்னை விடுறதாவது!" என்றார் ஆதிவராகம், வாஞ்சையாக. "நன்னெறிய நீ ஆயுசுக்கும் எழுதிக்கிட்டே இருக்கலாம் கண்ணு."

நாச்சி ஹாஸ்டல் அறையில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். பொய் சொன்னேன், பிடித்து வைத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னேன், இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பொய்யும் இவர்களுக்கு மார்க், உண்மையும் இவர்களுக்கு மார்க். இவர்களை எதைக் காட்டித்தான் பயமுறுத்துவது? வெகுநேரம் யோசித்தாள். மேலே பருந்துகள் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அடுத்த நன்னெறிப் பரீட்சை திறந்தவெளி அரங்கத்தில் நடந்தது. அரங்கம் என்றால் அந்த அகலமான குழிதான், மேலே கூரை கிடையாது. மேற்பார்வைக்கு ஒரு கரடி. அந்தக் கல்லூரியில் காப்பி அடிப்பது பெரிய விஷயமே இல்லை. மடியில் வைத்து, காலுக்கடியில் வைத்து, மறைவாக எழுதிக்கொள்வார்கள். கரடியும் மரியாதையாகத் தூங்கிக்கொடுக்கும்.

நாச்சி மறைக்கவில்லை. நன்னெறிப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் விரித்து வைத்தாள். விரலை வைத்து வரி வரியாகப் பார்த்து எழுதினாள். போதாததற்கு வாய்விட்டும் படித்தாள். "ஒழுக்கமே உயர்வு தரும். அடுத்தவர் எழுதியதைப் பார்த்து எழுதுதல் ஆகாது."

கரடி விழித்துக்கொண்டு பதறியது. "அடிப்பாவி, மறைச்சு வெச்சுக்க! மேல பறக்கும் படை சுத்துது!"

"தெரியும் சார். அதுக்குத்தான் பெரிய எழுத்துப் புத்தகமா எடுத்திட்டு வந்தேன்" என்று சொல்லி, புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

பறக்கும் படை என்றால் பல்கலைக்கழகத்துப் பருந்துகள். மற்ற நாளில் வந்து, வட்டமடித்து, ஆதிவராகம் போடுகிற மீனைச் சாப்பிட்டுவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடும். ஆனால் மேலே தூக்கிக் காட்டினால் என்ன செய்வது? அவற்றுக்கும் கண் இருக்கிறதே. வேறு வழியில்லாமல் இறங்கின. தலைமைப் பருந்து புத்தகத்தைக் கவ்விக்கொண்டது. ஆதிவராகம் தலைதெறிக்க ஓடி வந்தார். முதல்வர் பின்னாலேயே விழித்துக்கொண்டு வந்தார்.

"மால்பிராக்டிஸ்" என்றது பருந்து. "இந்தப் பொண்ணு படம்தானே கேட்ல பேனர்ல இருக்கு? உச்சத் தரம் வாங்கிக் குடுத்த பொண்ணு. இவளே நன்னெறியில காப்பி அடிச்சான்னு நாங்க எழுதினா, தரக்குழு குடுத்த தரம் போயிடும். எழுதாம விடவும் முடியாது, பரீட்சை எழுத வந்த அத்தனை பேரும் பாத்துட்டாங்க."

ஆதிவராகத்தின் பிடரி முடி அத்தனையும் நட்டுக்கொண்டது. "ஐயா, ஏதாவது வழி சொல்லுங்கய்யா. மீனு வேணா..."

"மீனெல்லாம் அப்புறம்."

அப்போது நாச்சி வாயைத் திறந்தாள். இவ்வளவு அடக்கமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"ஐயா, மாணவி பாத்து எழுதினாத்தானே காப்பி? போன வருஷமே பாஸாகிப் போன ஒருத்தி, பழைய ஞாபகத்துல வந்து சும்மா உக்காந்து எழுதிப் பாத்தா, அதுக்குப் பேரு என்னங்க?"

பருந்து தலையைச் சாய்த்து யோசித்தது. "அது... பொழுதுபோக்கு. அதுல நாங்க தலையிட முடியாது." பிறகு ஆதிவராகத்தைப் பார்த்தது. "இவ உங்க மாணவியா, பழைய மாணவியா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. பழைய மாணவின்னா சர்டிபிகேட்டைக் காட்டுங்க."

ஆதிவராகம் நாச்சியைப் பார்த்தார். நாச்சி ஆதிவராகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவர் அவளை நிமிர்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பழைய மாணவிதாங்க!" என்று அலறினார். "போன வருஷமே பாஸு! சர்டிபிகேட் ஆபீஸ்ல இருக்குதுங்க, பருந்தையா கொஞ்சம் சாப்பிட்டுக்கிட்டு இருங்க, இதோ வந்துட்டேன்!"

பருந்துகள் மீன் சாப்பிட்டு முடிப்பதற்குள் சர்டிபிகேட் தயாராகி, ஈரம் காயாமல் வந்தது. தேதி போன வருஷத் தேதி. பருந்துக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று, ஆதிவராகம் மார்க்கைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டிருந்தார். நன்னெறியில் கல்லூரியிலேயே முதலிடம்.

"அப்படியா!" என்றார் முதல்வர்.

நாச்சி சர்டிபிகேட்டை வாயில் கவ்விக்கொண்டு ஓடினாள். ஹாஸ்டலுக்குப் போய்ப் பெட்டி எடுக்கக்கூட நிற்கவில்லை. பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தம்பி கொடிக்குப் பக்கத்தில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு காவல் நின்றுகொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அப்பா பலகை தயாராக வைத்திருந்தார், ஒன்றுக்கு இரண்டாக. நாச்சி எழுதினாள். "விஷம். குட்டிகள் தின்னாதீர். இப்படிக்கு, நாச்சி, இலையியல் பட்டதாரி." முதல் தூறல் விழுவதற்குள் பலகை நட்டாயிற்று. காட்டெருமை வந்தது, கையெழுத்தைப் பார்த்தது, சலாம் வைத்துவிட்டுப் போய்விட்டது. அந்த மழையில் ஒரு குட்டிகூடக் கொடியைத் தொடவில்லை. நாச்சிக்கு அப்போதுதான் மனசு ஆறியது.

மழை விட்ட ஒரு நாள், தம்பி கேட்டான். "அக்கா, நானும் காலேஜுக்குப் போகட்டுமா? உன்னை மாதிரி நன்னெறியில ஃபர்ஸ்ட் வர்றேன்."

பக்கத்துப் புதர்க் குட்டிகளும் நானும் நானும் என்று குதித்தன. சொன்னால் கேட்கிற ஜாதியா அவை? நாச்சி மிச்சமிருந்த இன்னொரு பலகையைத் தூக்கிக்கொண்டு, ஆதிவராகம் கல்லூரிக்குப் பிரிகிற பாதையில் கொண்டுபோய் நட்டாள். "விஷம். குட்டிகள் இந்தப் பக்கம் அண்டாதீர். இப்படிக்கு, நாச்சி, பட்டதாரி."

குட்டிகள் மிரண்டு ஒதுங்கிவிட்டன. அந்த வருஷம் ஆதிவராகம் கல்லூரியில் ஒரு அட்மிஷன்கூட இல்லை.

தரக்குழு வழக்கம்போல வந்தது. ஆதிவராகம் அந்தப் பலகையைப் போட்டோ பிடித்து, சட்டம் போட்டு மாட்டியிருந்தார். "எங்க பழைய மாணவி, சொந்தச் செலவுல, எங்க காலேஜுக்கு வர்ற வழியில பண்ணியிருக்கிற சமூக சேவைங்க. சொல்லிக்குடுத்த படிப்பை மறக்காம இருக்கா பாருங்க."

ஒட்டகத்துக்கு மறுபடியும் கண் கலங்கியது. சுற்றிப் பார்த்தது. மாணவர்களே இல்லாததால் வகுப்பறைகள் சுத்தமாக இருந்தன. ஒழுங்கீனம் ஒன்றும் இல்லை. ஃபெயில் ஆனவர் ஒருவர்கூட இல்லை. உச்சத் தரத்துக்கு மேலே புதிதாக ஒரு தரத்தை உண்டாக்கிக் கொடுத்துவிட்டுப் போனது.

நீதி: நன்னெறிப் புத்தகத்தை மனத்தில் வைத்திருப்பவர் ஃபெயில் ஆவார், பருந்துக்குத் தெரியும்படி மேஜைமேல் வைத்திருப்பவர் முதலிடம் பெறுவார்.